பதில் வராத பிரதிகள்: காவிரிக் கரையில் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். பாபநாசம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, மயிலாடுதுறை என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். வாசிப்பு முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அனுப்பினேன், போடவில்லை. அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். நான் வலங்கைமான் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. என் முதல் நாவலை ஐந்து பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று பேர் அதைக்கூடச் சொல்லவில்லை.

நாவலை அனுப்பி ஆறு மாதம் ஆகிறது. ஒரு பதிலும் இல்லை. வேண்டாம் என்றுதான் அர்த்தமா?

பெரும்பாலும் அப்படித்தான். சில சமயம், இன்னும் யாரும் பிரித்தே பார்க்கவில்லை என்றும் அர்த்தம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

தமிழ்ப் பதிப்பகங்கள் பலவும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்துபவை. வரும் பிரதிகளைப் படிப்பதற்கென்று தனியாக ஆள் வைக்க வசதி இருக்காது. பதிப்பாளரே படிக்க வேண்டும், அவரே மெய்ப்பு (அச்சுப் பிழை) பார்க்க வேண்டும், புத்தகக் கட்டையும் அவரே பார்சல் ஆபீஸில் கொண்டுபோய்ப் போட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது நம்மில் யாருக்கும் எளிதாக வராது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்பார்கள். அந்த லெட்டர் வராது. பதில் வராத பிரதியும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாலு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடலாம். காத்திருப்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. முதல் நாவலை அனுப்பிவிட்டுப் பதினான்கு மாதம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பதில் வரட்டும், அப்புறம் எழுதலாம் என்றே இருந்தேன். இன்றைக்கு எனக்கு வருத்தம் அந்த மறுப்புகளைப் பற்றி இல்லை. அந்தப் பதினான்கு மாதங்களைப் பற்றித்தான்.

அதனால் தேதியை நாமே குறித்துக்கொள்ள வேண்டும். நாற்றங்காலில் விதை விட்ட அன்றே, எத்தனையாவது நாள் பறிக்க வேண்டும் என்று எண்ணிவைக்கிறோம் இல்லையா? முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது. பிரதிக்கும் அப்படி ஒரு கணக்கு வையுங்கள். ஒரு நோட்டில் அனுப்பிய நாளை எழுதுங்கள். பக்கத்திலேயே தொண்ணூறு நாள் கழித்து வரும் தேதியையும் எழுதுங்கள். அன்றைக்கு இப்படி ஒரு கடிதம் போதும்: "இன்ன தேதியில் இன்ன தலைப்பில் ஒரு நாவல் அனுப்பியிருந்தேன். இன்னும் ஒரு மாதத்துக்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் நன்றி. இயலாவிட்டால், வேறு பதிப்பகத்துக்கு அனுப்பிக்கொள்கிறேன்." இதில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. அந்த ஒரு மாதமும் கழிந்தால் நோட்டில் "இல்லை" என்று நீங்களே எழுதிவிட்டு, அன்றே அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். அந்த "இல்லை"யை நம் கையாலேயே எழுதும்போது நெஞ்சில் ஒரு பாரம் இறங்குகிறது. எங்கள் கூட்டத்தில் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தற்போது வெளியிட இயலாத நிலை" என்று ஒரே ஒரு வரி வந்தது. இதற்குள் என்ன அர்த்தம் ஒளிந்திருக்கிறது?

அநேகமாக எதுவும் இல்லை. அந்த வரியை நூறு முறை படித்து உங்களைப் பற்றிய தீர்ப்பாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். என் மாணவிகளுக்கு நான் செய்யுளைப் பதம் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுபோல, இரண்டு நாள் அந்த ஒரு வரியைப் பதம் பிரித்திருக்கிறேன். "தற்போது" என்றால் அப்புறம் என்று பொருளா, "நிலை" என்றால் பணநிலையா என்றெல்லாம். ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரதியின் தரத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. ஒன்று, காலம். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடந்துவருகிறது. தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டு ஜனவரியையொட்டி நடக்கும் அந்தக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. அக்டோபர் தொடங்கிவிட்டால் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட புத்தகங்களை அச்சுக்கு அனுப்பவே நேரம் போதாது. அப்போது போய்ச் சேரும் புதுப் பிரதி அடியில் போய்விடும். சம்பா அறுவடை முடிந்து வயல் ஓய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் அனுப்புங்கள். அவர்களும் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுவார்கள்.

இன்னொன்று, அளவு. அச்சில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 480 பக்க நாவல் என்றால் முப்பது ஃபாரம். காகிதம், அச்சு, பைண்டிங் எல்லாவற்றுக்கும் முதலில் பணம் போட்டு, பெயர் தெரியாத ஒருவரின் புத்தகத்தை மெல்ல மெல்ல விற்று எடுக்க வேண்டும். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணையை நம்பித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். அது தள்ளிப்போகும் ஆண்டில் நல்ல நாவலும் தள்ளிப்போகும். முதல் புத்தகம் 200 பக்கத்துக்குள் இருந்தால் பதிப்பாளர் துணிவது எளிது. இதற்காக நாவலை வெட்டிச் சுருக்கச் சொல்லவில்லை. பெரிய நாவல் ஒன்றும் சிறுகதைத் தொகுப்பு ஒன்றும் கையில் இருந்தால் சிறியதை முதலில் அனுப்புங்கள் என்கிறேன்.

மறுப்பு வந்த அன்று என்ன செய்ய வேண்டும்?

பதில் எழுதக் கூடாது. ஃபோன் செய்யக் கூடாது. பிரதியைத் திறந்து திருத்தத் தொடங்கக் கூடாது. அன்றைக்குக் கண்ணில் படுவதெல்லாம் குப்பையாகத்தான் தெரியும். நல்ல பக்கத்தையும் கிழித்துவிடுவோம்.

எனக்கு முதல் மறுப்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். சமையலறையில் நின்றபடியே மின்னஞ்சலைப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு குடமுருட்டிக் கரை வரை நடந்து போய்விட்டேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அழுதேன். நாற்பது வயதில் ஒரு நாவலுக்காக அழுகிறோமே என்று அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது இல்லை. நாலு வருஷ உழைப்பை ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அழாமல் என்ன செய்வது? அழுதுவிடுங்கள். யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து "படித்துப் பார்த்ததற்கு நன்றி" என்று ஒரு வரி எழுதுங்கள். அதே பதிப்பாளருக்கு அடுத்த புத்தகத்தை அனுப்ப வேண்டியிருக்கும்.

தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் அதை எழுத்தாளரின் சோகம் என்று வளரவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒரு தம்பியை நானே கூட்டிப்போயிருக்கிறேன். இப்போது நன்றாக இருக்கிறார், எழுதவும் செய்கிறார்.

வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். "வந்துடும், வந்துடும்" என்று சொல்லிவைத்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். என் மாமியார் தினமும் "ஏம்மா, அந்தப் பொஸ்தகம் என்னாச்சு?" என்பார். ஒருநாள், "அத்தை, வேண்டாம்னுட்டாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்க, எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். ஒரு வாரம் ராத்திரி ராத்திரி படித்துக் காட்டினேன். களத்துமேட்டில் நெல் தூற்றும் இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத் தப்பாக எழுதியிருந்தேன். அதை அவர்தான் சொன்னார்.

விவரமாகக் குறை சொல்லி எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா?

முதலில், இப்படி ஒரு கடிதம் வந்ததே பெரிய விஷயம். உங்கள் பிரதியைக் கடைசி வரை ஒருவர் படித்திருக்கிறார், நேரம் ஒதுக்கி எழுதியும் இருக்கிறார். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

எனக்கு வந்த இரண்டு மறுப்புகளில் ஒன்று இப்படிப்பட்டது. மூன்று குறைகள் சொல்லியிருந்தார். தொடக்கத்தில் பதினான்கு பக்கம் ஆற்றையும் தோப்பையும் வர்ணிப்பதிலேயே போகிறது, மனிதர்கள் வரவில்லை. தங்கை பாத்திரம் பாதியில் காணாமல் போகிறாள். பேச்சு வழக்கு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, பொதுத்தமிழில் மாற்றலாம்.

மூன்றையும் படித்தபோது ஒரே அளவுக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் கழித்துப் படித்தபோது முதல் இரண்டும் சரி என்று தெரிந்தது. அந்தப் பதினான்கு பக்கத்தை நான் கதைக்காக எழுதவில்லை, எனக்கு ஆறு பிடிக்கும் என்பதற்காக எழுதியிருந்தேன். மூன்று பக்கமாக்கினேன். தங்கையைத் திரும்பக் கொண்டுவர நாலு மாதம் ஆனது. மூன்றாவதை ஏற்கவில்லை. ஒரு விவசாயக் கூலிப் பெண்மணி நடவு வரப்பில் நின்று பொதுத்தமிழில் பேச மாட்டாள். அவள் பேச்சுதான் அவள். இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும், வாக்கியத்திலிருந்தே பொருள் விளங்கும்படி செய்தேன்.

நான் கடைப்பிடிக்கும் வழி இது: ஒரே குறையை, ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. அவர்கள் சொல்லும் தீர்வு சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடம் சரியாக இருக்கும். ஒருவர் மட்டும் சொல்லி, உங்கள் மனமும் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பலாமா?

நாவலை அனுப்பலாம், ஆனால் அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள். ஒருவர் ஏற்றுக்கொண்டால் அன்றே மற்றவர்களுக்குத் தெரிவியுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும் சிறுகதை என்றால் வேண்டாம். ஒரே கதை இரண்டு இதழ்களில் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் அப்புறம் உங்கள் பெயரைப் பார்த்தாலே தயங்குவார்கள்.

கோப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அனுப்பி, அங்கே திறந்தபோது கட்டம் கட்டமாகத் தெரிந்ததால் படிக்கப்படாமலே போன பிரதிகள் எனக்குத் தெரியும்.

"பணம் கட்டுங்கள், உடனே போட்டுவிடலாம்" என்கிறார்கள். தரலாமா?

இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மறுப்பு வந்து மனம் நொந்திருக்கும் சமயத்தில்தான் இந்த அழைப்பு வந்து சேரும். "உங்கள் எழுத்து அபாரம், ஏன் இவ்வளவு நாள் காத்திருந்தீர்கள்" என்று ஆறுதலாகப் பேசுவார்கள். இத்தனை மாதம் ஒரு நல்ல சொல்லுக்காக ஏங்கியிருப்போம், உடனே விழுந்துவிடுவோம். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார். புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயரிலேயே எழுத்துப்பிழை. கட்டுக்கட்டாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் பரணில் இருக்கிறது. மறுப்பு வந்த ஒரு மாதத்துக்குள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

உங்கள் செலவில் அச்சிடுவது தவறே இல்லை. ஆனால் அது அச்சுச் சேவை என்று அவர்களும் நேராகச் சொல்ல வேண்டும். எத்தனை பிரதி, என்ன காகிதம், மெய்ப்பு யார் பார்ப்பார்கள், யார் விற்பார்கள், மீந்த பிரதி யாருக்குச் சொந்தம், எல்லாம் எழுத்தில் வேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்கென்று பெரிய தொகை கேட்டால் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் அது அரசு முகமை இலவசமாகத் தருவது.

ஒப்பந்தம் எதுவானாலும் உரிமை பற்றிய பகுதியை இரண்டு முறை படியுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்குத் துணை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும். "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று இருந்தால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

சரி, நானே போட்டால் கௌரவக் குறைவா?

இந்தக் கேள்வியை இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கக் கூடாது. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1887இல் அது வெளிவந்தது. அச்சுச் செலவுக்குக் கையில் பணம் இல்லாததால், புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். அதே வழி இன்றைக்கும் திறந்திருக்கிறது. தெரிந்தவர்கள் ஐம்பது பேரிடம் முன்பதிவு வாங்குங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பது, நூறு பிரதிகூடப் போடலாம். ஆயிரம் பிரதி போட்டுப் பரணை நிரப்ப வேண்டியதில்லை. மெய்ப்பு பார்க்க மட்டும் வெளி ஆளுக்குப் பணம் கொடுங்கள்.

கூடவே எழுதிய நண்பரின் புத்தகம் வந்துவிட்டது. வாழ்த்துச் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

அந்தப் பொறாமை எனக்கும் வந்திருக்கிறது. வெளியீட்டு விழாவுக்குப் போகாமல் தலைவலி என்று சொன்னேன். இன்றுவரை அது உறுத்துகிறது. போங்கள். காசு கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். முழுதாகப் படித்துவிட்டு, பிடித்த ஒரு இடத்தைச் சொல்லுங்கள். அதற்குப் பின் மனம் தானாக இளகும். அவர் அந்தப் பதிப்பகத்தை எப்படி அணுகினார் என்பதையும் அப்போது கூச்சமில்லாமல் கேட்கலாம்.

சென்னையில் ஆள் தெரிந்தால்தானே நடக்கும்? நாம் கடைமடையில் அல்லவா இருக்கிறோம்?

இதைக் கேட்டவர் திருத்துறைப்பூண்டிக்காரர். மேட்டூர் திறந்து எத்தனை நாள் கழித்துத் தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று எண்ணிப் பழகியவர். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. பதிப்பாளரை நேரில் சந்தித்துப் பேசியவருக்குச் சீக்கிரம் பதில் வருகிறது. நாம் ஒரு இரவுப் பயணத்தில் போய், ஒரு நாள் இருந்து, திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆனால் கும்பகோணத்துப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், எம்.வி. வெங்கட்ராம். வெங்கட்ராம் பதினாறு வயதில் மணிக்கொடி இதழில் கதை எழுதியவர், பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். அவருக்குச் சாகித்திய அகாதமி விருது 1993இல்தான் வந்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இடையில் அத்தனை வருஷம் எழுதினார். அவர்களுக்கும் அச்சுக்கூடம் தூரத்தில்தான் இருந்தது. ஒருவருக்கொருவர் படித்துக் காட்ட ஆள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த இரண்டாவது விஷயம் நமக்கும் கிடைக்கும்.

செய்யக்கூடியது இது. புத்தகக் காட்சிகள் இப்போது மாவட்டங்களிலும் நடக்கின்றன. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ நடக்கும்போது கூட்டமில்லாத பகல் நேரத்தில் போங்கள். பிரதியைக் கையில் திணிக்காதீர்கள். அந்தப் பதிப்பகத்தின் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டுப் போய் அதைப் பற்றிப் பேசுங்கள். பேச்சோடு பேச்சாக, எப்போது எப்படி அனுப்பலாம் என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு இப்படித்தான் வழி பிறந்தது.

அனுப்பிய கதையைத் திருடிவிட்டால்?

அரிது. எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் என்பதில்லை. உங்கள் ஆயுளுக்குப் பிறகும் அறுபது ஆண்டு அது நீடிக்கும். மின்னஞ்சலில் அனுப்பிய தேதியே ஒரு சாட்சி. அந்த அஞ்சலை அழிக்காதீர்கள்.

எத்தனை மறுப்புக்குப் பிறகு ஒரு பிரதியைக் கைவிடலாம்?

எண் சொல்ல மாட்டேன். மறுபடி படிக்கும்போது அதில் திருத்த உங்களுக்கே ஆசை இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. படிக்கவே மனம் வரவில்லை என்றால் பெட்டியில் வையுங்கள். எரிக்காதீர்கள். என் முதல் நாவல் இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது, வரவே இல்லை. அதிலிருந்த தங்கையை மட்டும் எடுத்து ஒரு சிறிய நாவல் எழுதினேன். அதை ஒரு சிறு பதிப்பகம் முந்நூறு பிரதி போட்டது. பெட்டியில் இருப்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கத்தான் செய்கிறது.

உங்கள் கூட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள். புத்தகம் வந்திருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. முழு நாவலையும் சுமந்து வர வேண்டாம். முதல் பத்துப் பக்கம் போதும், எழுத்துப் பெரிதாக அச்சிட்டு எடுத்து வாருங்கள், ஹாலில் வெளிச்சம் குறைவு. இருபது நிமிடம் உங்களுக்கு. திருவாரூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியிருப்பதால், தூரத்து ஊர்க்காரர்களை முதலில் வாசிக்கச் சொல்வோம்.